பழைய அம்பாசிடரைப் பராமரிக்க

2014-இல் உற்பத்தி நின்ற அம்பாசிடரின் பழைய பெட்ரோல் மாடல்களில் பெரும்பாலான பராமரிப்பு வேலைகளை வீட்டிலேயே செய்துகொள்ளலாம்.

● ஓட்டம்: வாரம் ஒருமுறையாவது எஞ்சின் நன்கு சூடேறும்வரை ஓட்ட வேண்டும். நின்ற இடத்தில் ஸ்டார்ட் செய்து அணைப்பது போதாது. எண்ணெயில் ஈரம் தங்கிவிடும்.

● ரேடியேட்டர்: எஞ்சின் ஆறிய பிறகே மூடியைத் திறக்க வேண்டும். வெறும் தண்ணீரைவிடக் கூலன்ட் கலந்த நீர் துருவைக் குறைக்கும்.

● பாயின்ட்: டிஸ்ட்ரிபியூட்டருக்குள் உள்ள காண்டாக்ட் பாயின்ட் கருகினால் வண்டி திணறும். சுத்தம் செய்து, ஃபீலர் கேஜால் இடைவெளியைச் சரிபார்க்க வேண்டும்.

● பெட்ரோல் குழாய்: எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பர் குழாய்களை அரிக்கும். எத்தனாலைத் தாங்கும் குழாய்களாக மாற்றுவது தீ விபத்தைத் தவிர்க்கும்.

● பிரேக்: பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை முழுவதும் மாற்ற வேண்டும்.

● கிரீஸ்: முன்சக்கர சஸ்பென்ஷன், ஸ்டீயரிங் மூட்டுகளில் உள்ள நிப்பிள்களில் தவறாமல் கிரீஸ் அடிக்க வேண்டும்.

● துரு: மழைக்காலத்துக்கு முன் கதவின் அடியிலுள்ள நீர்வடி துளைகளின் அடைப்பை நீக்க வேண்டும்.

● பாதுகாப்பு: வண்டிக்கு அடியில் வேலை செய்யும்போது ஜாக்கியை மட்டும் நம்பக் கூடாது, ஸ்டாண்டு கட்டாயம்.

● பதிவு: 50 ஆண்டு கடந்த, அசல் வடிவம் மாறாத கார்களுக்கு 2021 முதல் ‘விண்டேஜ்’ பதிவு உண்டு. அந்தப் பதிவு பெற்ற வண்டியை அன்றாடப் பயணத்துக்கோ வாடகைக்கோ ஓட்ட முடியாது.