மாப்பிள்ளை அழைப்பும் மத்திய அரசின் விதியும்

மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு மேலே ட்ரோன் சுற்றாத கல்யாணம் இன்று அரிது. வயலில் மருந்தடிப்பதற்கும் நிலம் அளப்பதற்கும்கூட அது வந்துவிட்டது. தொழிலுக்குக் கூட்டம் சேர்ந்த வேகத்தில் விதிகள் போய்ச் சேரவில்லை. 2021 ஆகஸ்ட் 25 அன்று வெளியான ட்ரோன் விதிகளைப் பற்றி, தொழில் செய்பவர்களிடமே தவறான நம்பிக்கைகள் உலவுகின்றன.

நம்பிக்கை: சின்ன ட்ரோனுக்குச் சட்டம் கிடையாது.

உண்மை: 250 கிராம் வரை உள்ள நானோ ட்ரோனை ஓட்டச் சான்றிதழும் காப்பீடும் தேவையில்லை. ஆனால் அதையும் பதிவு செய்து அடையாள எண் வாங்க வேண்டும்; தடைசெய்யப்பட்ட வான்வெளி அதற்கும் தடைதான்.

2 கிலோ வரையிலான மைக்ரோ வகையில்தான் பலரும் சறுக்குகிறார்கள். பொழுதுபோக்காகப் பறக்கவிட்டால் சான்றிதழ் வேண்டாம். அதே ட்ரோனைக் காசு வாங்கிக்கொண்டு கல்யாணத்தில் பறக்கவிட்டால் வேண்டும்.

நம்பிக்கை: காலி ட்ரோனின் எடைதான் கணக்கு.

உண்மை: சுமையோடு சேர்த்த உச்ச எடையை வைத்தே வகை பிரிக்கிறார்கள். மருந்தடிக்கும் ட்ரோனின் பத்து லிட்டர் டேங்க் நிரம்பினால் தண்ணீரே பத்து கிலோ. 25 கிலோவைத் தாண்டினால் அது 'சிறிய' வகையல்ல, 'நடுத்தர' வகை.

நம்பிக்கை: சான்றிதழுக்குப் பட்டமும் பாஸ்போர்ட்டும் வேண்டும்.

உண்மை: பத்தாம் வகுப்புத் தேர்ச்சி போதும், வயது 18 முதல் 65 வரை இருக்கலாம். அங்கீகாரம் பெற்ற பயிற்சி நிலையத்தில் படித்துத் தேற வேண்டும். பாஸ்போர்ட் கட்டாயம் என்பதை 2023 திருத்தம் நீக்கிவிட்டது. கிராமத்து இளைஞர்களுக்கு அது பெரிய கதவைத் திறந்தது. சான்றிதழ் பத்து ஆண்டுகளுக்குச் செல்லும்.

நம்பிக்கை: விபத்து நடந்தால் இழப்பீடு கொடுத்து முடித்துக்கொள்ளலாம்.

உண்மை: நானோ தவிர மற்றவற்றுக்கு, வண்டிகளுக்கு இருப்பதுபோல் மூன்றாம் நபர் காப்பீடு அவசியம். விபத்தை 48 மணி நேரத்துக்குள் சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். விதியை மீறினால் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு.

நம்பிக்கை: மண்டபக்காரர் சம்மதித்தால் போதும்.

உண்மை: மண்டபக்காரரின் உரிமை மண்டபத்தோடு முடிகிறது, மேலே உள்ள வான்வெளி மத்திய அரசின் கட்டுப்பாட்டில் இருக்கிறது. அரசின் 'டிஜிட்டல் ஸ்கை' இணையதளத்தில் உள்ள வரைபடம் அந்த வான்வெளியைப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மூன்றாகப் பிரிக்கிறது. பச்சைப் பகுதியில் 400 அடி உயரம் வரை பறக்க அனுமதி கேட்க வேண்டாம். விமான நிலைய எல்லையிலிருந்து 8 முதல் 12 கிலோமீட்டருக்குள் அந்த உயரம் 200 அடிதான். மஞ்சளில் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டின் அனுமதி வேண்டும்; சிவப்பில் மத்திய அரசின் அனுமதி வேண்டும்.

நிச்சயதார்த்தத்தன்று பச்சையாக இருந்த இடம் முகூர்த்தத்தன்று சிவப்பாகியிருக்கலாம். மாநில அரசோ காவல்துறையோ ஓர் இடத்தை 96 மணி நேரம் வரை தற்காலிகச் சிவப்புப் பகுதியாக அறிவிக்க முடியும். அதனால்தான் ஒவ்வொரு முறை பறக்கவிடுவதற்கு முன்பும் வரைபடத்தைப் பார்க்க வேண்டும் என்று விதியே சொல்கிறது.