குறுக்கீடும் நடுவர் தீர்ப்பும்

நுழையும்முன்

"நான் வேண்டுமென்று செய்யவில்லையே!" விளையாட்டுத் திடலில் இச்சொற்களை நாம் பலமுறை கேட்டிருப்போம், நாமே சொல்லியும் இருப்போம். நடுவர் இதனை எப்போது ஏற்பார்? எப்போது ஏற்கமாட்டார்? மென்பந்தாட்டத்தின் விதிகள் வழியே இப்பாடத்தில் அறிவோம்.

ஆட்டத்தின் அமைப்பு

சாப்ட்பால் எனப்படும் மென்பந்தாட்டம் 1887ஆம் ஆண்டு அமெரிக்காவின் சிகாகோ நகரில் தோன்றியது. பேஸ்பால் ஆட்டத்தை உள்ளரங்கில் ஆட எடுத்த முயற்சியே இதன் தொடக்கம் ஆகும். 1996ஆம் ஆண்டு அட்லாண்டா ஒலிம்பிக்கில் மகளிர் ஆட்டமாக இது இடம்பெற்றது. நம் நாட்டுப் பள்ளி விளையாட்டுப் போட்டிகளிலும் இஃது ஆடப்படுகிறது.

திடலில் நான்கு தளங்கள் சதுர வடிவில் அமைந்திருக்கும். ஒரு தளத்திற்கும் அடுத்த தளத்திற்கும் இடையே 60 அடி தொலைவு உண்டு. பந்தை அடித்தவர் மூன்று தளங்களையும் வரிசையாகத் தொட்டு, தாம் புறப்பட்ட தளத்தை மீண்டும் அடைந்தால் அணிக்கு ஓர் ஓட்டம் கிடைக்கும். எதிரணியின் களவீரர்கள் பந்தை எடுத்து அவரை ஆட்டமிழக்கச் செய்ய முயல்வர். மூவர் ஆட்டமிழந்தால் அச்சுற்றில் அவ்வணியின் முறை முடிந்துவிடும்.

ஓடுநர் செல்லும் வழியிலேயே களவீரரும் பந்தை எடுக்க வேண்டியிருக்கும். ஒரே இடம் இருவருக்கும் தேவைப்படும்போது யாருக்கு முன்னுரிமை? இவ்வினாவிற்கு விடை தருவதே குறுக்கீட்டு விதி.

அடிக்கப்பட்ட பந்து

ஒரு காட்சியை எண்ணிப் பாருங்கள். முதல் தளத்தில் ஓடுநர் ஒருவர் நிற்கிறார். மட்டையாளர் அடித்த பந்து தரையில் உருண்டு வருகிறது. களவீரர் அதனை எடுக்கக் குனிகிறார். இரண்டாம் தளத்தை நோக்கி நேராக ஓடிவந்த ஓடுநர் அவர்மீது மோதிவிடுகிறார். பந்து கைநழுவிச் செல்கிறது. நடுவர் உடனே ஆட்டத்தை நிறுத்துகிறார். ஓடுநர் ஆட்டமிழந்தார் என அறிவிக்கிறார். அடித்தவருக்கு முதல் தளம் வழங்கப்படுகிறது.

"நான் என் வழியில்தான் ஓடினேன், வேண்டுமென்று மோதவில்லை" என்கிறார் ஓடுநர். அவர் சொல்வது உண்மையாகவே இருக்கலாம். ஆயினும் தீர்ப்பு மாறாது. அடிக்கப்பட்ட பந்தை எடுக்க முயலும் களவீரருக்கே விதி முன்னுரிமை தருகிறது. களவீரரின் கண்கள் பந்தின்மேல் இருக்கும். ஓடுநராலோ அவரைக் கண்டு விலக இயலும். அவ்வாறு விலகுவதற்காகத் தம் பாதையை விட்டுச் சுற்றி ஓடினாலும் அது பிழையாகாது.

இங்கு நோக்கம் முற்றிலும் பொருளற்றது அன்று. இருவரை ஒருங்கே ஆட்டமிழக்கச் செய்யும் வாய்ப்பைக் கெடுக்கவே ஓடுநர் மோதினார் என நடுவர் கருதினால், அவருடன் அவர் அணியின் மற்றொருவரும் ஆட்டமிழப்பார்.

எறியப்பட்ட பந்து

களவீரர் ஒருவர் மற்றொருவருக்கு எறியும் பந்திற்கு விதி வேறு. அது தம்மேல் பட்டதனால் மட்டும் ஓடுநர் குற்றவாளி ஆகமாட்டார். வேண்டுமென்றே அதனைத் தடுத்தால்தான் அது குறுக்கீடு. முதுகுப்புறம் பறந்துவரும் பந்தை ஓடுபவர் எங்ஙனம் அறிவார்?

தாய் விளையாட்டாகிய பேஸ்பாலிலும் இவ்வேறுபாடு உண்டு. 1978 அக்டோபர் 14 அன்று நியூயார்க்கில் உலகத் தொடரின் நான்காம் ஆட்டம் நடைபெற்றது. ஆறாம் சுற்றில் யாங்கீஸ் அணியின் ரெஜி ஜாக்சன் முதல் தளத்திற்கும் இரண்டாம் தளத்திற்கும் இடையே நின்றார். டாட்ஜர்ஸ் அணியின் பில் ரசல் இரண்டாம் தளத்தை மிதித்து அவரை ஆட்டமிழக்கச் செய்தபின், முதல் தளத்தை நோக்கிப் பந்தை எறிந்தார். அது ஜாக்சனின் இடுப்பில் பட்டு விலகி ஓடியது. அதற்குள் யாங்கீஸ் அணி ஓர் ஓட்டம் பெற்றது. ஜாக்சன் வேண்டுமென்றே இடுப்பை அசைத்தார் என டாட்ஜர்ஸ் மேலாளர் டாமி லசோர்டா வாதிட்டார். நடுவர்கள் அதனை ஏற்கவில்லை. யாங்கீஸ் அணி 4-3 என ஓர் ஓட்ட வேறுபாட்டில் வென்றது.

தீர்ப்பும் விதியும்

களவீரரும் தவறு செய்யலாம். கையில் பந்து இல்லாமலும் பந்தை எடுக்க முயலாமலும் அவர் ஓடுநரின் வழியில் நின்றால் அது வழிமறிப்பு ஆகும். அப்போது நடுவர் இடக்கையை நீட்டிக் குறிப்புக் காட்டுவார். ஆட்டத்தை உடனே நிறுத்தமாட்டார். மறிக்கப்படாவிடில் ஓடுநர் எத்தளத்தை அடைந்திருப்பார் எனக் கருதுகிறாரோ, அத்தளத்தைப் பின்னர் வழங்குவார்.

களவீரர் பந்தை எடுக்கும் நிலையில் இருந்தாரா? ஓடுநர் வேண்டுமென்று தடுத்தாரா? இவை நடுவர் கண்டு முடிவு செய்ய வேண்டியவை. ஐயம் எழுந்தால் அவர் உடன் நடுவரைக் கேட்கலாம். ஆனால் அவர் கண்டு உரைத்த முடிவை எதிர்த்து அணிகள் முறையீடு செய்ய இயலாது.

விதியையே தவறாகப் பயன்படுத்தினால் முறையிடலாம். மேற்கண்ட காட்சியில், "பந்தை எடுக்கக் குனிந்தவர்மீது ஓடுநர் மோதினார், ஆனால் வேண்டுமென்று மோதவில்லை, ஆகவே ஆட்டமிழக்கவில்லை" என நடுவர் கூறினால், அவர் கண்டது சரி, விதி தவறு. அடுத்த பந்து வீசப்படுமுன் அணியினர் இதனைச் சுட்டிக்காட்ட வேண்டும். விதியை அறிந்தவரே எங்குப் பேச வேண்டும், எங்கு அமைதியாகத் தீர்ப்பை ஏற்க வேண்டும் என்பதையும் அறிவார்.

அருஞ்சொற்பொருள்

ஓடுநர் – தளங்களுக்கிடையே ஓடும் ஆட்டக்காரர்
குறுக்கீடு – களவீரரின் முயற்சிக்கு ஓடும் அணி செய்யும் இடையூறு
வழிமறிப்பு – ஓடுநருக்குக் களவீரர் செய்யும் இடையூறு
முறையீடு – தீர்ப்பை மாற்றக் கோருதல்

மொழியை அறிவோம்

வேண்டுமென்று தடுத்தால் குறுக்கீடு.
தெரியாமல் மோதினாலும் குறுக்கீடு.

'தடுத்தால்' என்பது நிபந்தனையை உணர்த்துகிறது. 'மோதினாலும்' என்பதில் சேர்ந்துள்ள 'உம்', அந்நிலையிலும் முடிவு மாறாது என்பதை உணர்த்துகிறது. இரண்டு விதிகளின் வேறுபாடும் இந்த ஓர் 'உம்'மில் அடங்கியுள்ளது.

பயிற்சி

1. அடிக்கப்பட்ட பந்தை எடுப்பவருக்கு முன்னுரிமை தரப்படுவது ஏன்?
2. குறுக்கீடு, வழிமறிப்பு வேறுபடுத்துக.
3. 1978ஆம் ஆண்டு ஆட்டத்தில் நடுவர்கள் முடிவு செய்ய வேண்டியிருந்த வினா யாது?
4. எத்தகைய தீர்ப்பை எதிர்த்து முறையிடலாம்? எத்தகைய தீர்ப்பை எதிர்த்து முறையிட இயலாது?
5. 'ஓடினால், ஓடினாலும்', 'கேட்டால், கேட்டாலும்' ஆகிய சொற்களைத் தனித்தனித் தொடர்களில் அமைக்க.
6. நீங்கள் ஆடும் விளையாட்டு ஒன்றில் 'வேண்டுமென்று செய்யவில்லை' என்னும் காரணம் ஏற்கப்படுமா? ஐந்து தொடர்களில் எழுதுக.