கேல் நகரத்து இல்லங்கள்

பெல்ஜியம் நாட்டில் கேல் என்றொரு சிறு நகரம் உள்ளது. மனநோயுற்றோரைத் தம் இல்லங்களில் ஏற்றுக் குடும்பத்தாருள் ஒருவராய் வாழவைக்கும் வழக்கம் அங்குப் பல நூற்றாண்டுகளாக நிலவி வருகின்றது. அதனை இங்கு எழுதுவதற்குக் காரணம் உண்டு, பின்னர்க் கூறுகிறேன்.

மனநோய் தீர்ப்பவராகக் கிறித்தவர் போற்றும் திம்ப்னா என்னும் புனிதையின் ஆலயம் அவ்வூரில் உள்ளது. இடைக்காலத்தில் நோயுற்றோர் திரளாக வந்தனர். ஆலயத்தில் இடம் போதாமையால் ஊரார் தம் வீடுகளில் தங்கவைத்தனர். வந்தவருட் பலர் அங்கேயே தங்கிவிட்டனர். 1850இல் இவ்வழக்கம் அரசின் மேற்பார்வைக்குள் வந்தது. 1930களின் இறுதியில் 3,700க்கும் மேற்பட்டோர் இவ்வாறு வாழ்ந்தனர்.

தங்குபவருக்குத் தனி அறை உண்டு. உணவு மேசையில் ஓர் இருக்கையும் உண்டு. வயல் வேலை, மாடு கறத்தல், குழந்தைகளுக்கு விளையாட்டுக் காட்டுதல் என இயன்றதைச் செய்வர். குடும்பத்திற்கு அரசு சிறு தொகை அளிக்கும். மருத்துவமனைச் செவிலியர் வீடு தேடி வருவர். நோய் முற்றினால் மருத்துவமனை ஏற்றுக்கொள்ளும். நோயின் பெயரைக் குடும்பத்தாரிடம் பொதுவாகக் கூறுவதில்லை. இதுவே என்னை வியக்கவைத்தது. ஆசிரியர் பயிற்சியில், 'முதலில் குறையைக் கண்டறி' என்றே நாங்கள் கற்றோம். கேல் நகரத்தாரோ அவருக்கு எது பிடிக்கும், எப்பொழுது அஞ்சுவார் என்பதை உடன் வாழ்ந்தே அறிகின்றனர். அத்தகைய வீட்டில் வளர்ந்த குழந்தைகளுட் பலர், பெரியவர்களானபின் தாமும் ஒருவரை ஏற்கின்றனர்.

இன்று எண்ணிக்கை வெகுவாகக் குறைந்துவிட்டது. உழவு சுருங்கியது, பெண்கள் வெளிவேலைக்குச் செல்கின்றனர், புதிய மருந்துகளால் பலர் தனித்து வாழவும் முடிகின்றது. 2023இல் யுனெஸ்கோ இம்மரபைப் பேணும் முறையை நற்செயற் பதிவேட்டில் சேர்த்தது.

இனி, நான் கூற வந்த காரணம். என் உறவினர் இல்லம் ஒன்றில் மூத்த மகனுக்கு மனநோய். தங்கையரைப் பெண் பார்க்க வந்த நாள்களில் அவனைப் பின்கட்டு அறையில் இருத்திக் கதவைச் சாத்தினர். நானும் அங்கு விருந்துண்டேன், 'அவன் எங்கே?' என்று ஒரு நாளும் கேட்கவில்லை. நாற்பதாண்டுகள் பிள்ளைகளின் வருகைப்பதிவேட்டில் பெயர் விடாது அழைத்தவள் நான்! மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, மனநோயையும் பட்டியலில் சேர்த்து, சமூகத்தில் வாழும் உரிமையை அவர்க்கு உறுதி செய்கின்றது. சட்டம் பின்கட்டுக் கதவைத் திறக்க வருமா?

சென்ற மாதம் அவ்வில்லத்துப் பெண் தன் மகளின் திருமண அழைப்பிதழோடு வந்தாள். "உன் அண்ணன் பக்கத்தில் எனக்கு இலை போடு அம்மா" என்றேன். சிறிது நேரம் விடை கூறாதிருந்தவள், "கூட்டம் அவருக்கு ஆகாது பெரியம்மா, முதற்பந்திக்கே வந்துவிடுங்கள்" என்றாள்.