பொன்மலை ஊரில் பொம்மை ரயில்

கேள்வி: என் மகன் பெரிய அளவில் ரயில்பெட்டி மாதிரி செய்ய ஆசைப்படுகிறான். கிட் வாங்குவதா, நாமே செய்வதா?
– ஒரு வாசகர், சத்திரம் பேருந்து நிலையம் அருகில், திருச்சி

பதில்: இரண்டும் வேண்டும். ஆனால் முதலில் அளவை முடிவு செய்யுங்கள்.

பெரிய மாதிரிகளுக்கு உலகெங்கும் புழங்கும் தண்டவாளம் 45 மி.மீ. அகலம். 1968-இல் ஜெர்மனியின் மாதிரி ரயில் பிராண்டான எல்ஜிபி பரப்பிய 1:22.5 விகிதத்தில், இது கிட்டத்தட்ட மீட்டர் கேஜ் பாதை. எனவே நீலகிரி மலை ரயில் இதற்குக் கச்சிதம். அகலப்பாதைப் பெட்டி என்றால் சிக்கல்: 1,676 மி.மீ. பாதை அந்த விகிதத்தில் 74.5 மி.மீ. ஆகிவிடும், ரெடிமேட் தண்டவாளம் கிடைப்பது அரிது. சென்னை ஐசிஎஃப் தொழிற்சாலையின் பயணிகள் பெட்டியோ 95 செ.மீ. நீளும், வீட்டுக்குள் வளைவில் திரும்பாது.

முதல் வேலைக்கு நான்கு சக்கர சரக்கு வேகன் கிட் போதும். அச்சுகள் இணையாக இருப்பது, நான்கு சக்கரமும் தண்டவாளத்தில் படிவது, எடை கீழே இருப்பது ஆகிய மூன்றையும் அது கற்றுத்தரும். அடுத்ததாக, சக்கரத்தையும் கப்ளிங்கையும் மட்டும் வாங்கி, உடலை பிளாஸ்டிக் ஷீட்டில் வெட்டி ஒட்டலாம். கதவு, ஜன்னல் அளவில் சந்தேகம் வந்தால் ஐந்தரை அடி ஆளின் உருவத்தைப் பக்கத்தில் நிறுத்துங்கள்; அது ஏழரை செ.மீ. இருக்க வேண்டும்.

நீலகிரிக்குப் புதிய நீராவி இன்ஜின்களையே கட்டிய பொன்மலைப் பணிமனை உங்கள் ஊரில்தான் இருக்கிறது. சத்திரத்தில் பஸ் ஏறி, ஜங்ஷன் பக்கமுள்ள ரயில்வே அருங்காட்சியகத்துக்கு மகனை அழைத்துப் போங்கள். கையில் டேப்பும் நோட்டும் இருக்கட்டும். அனுமதி கேட்டு அளந்து வரச் சொல்லுங்கள்.