ஏற்காட்டுக் குளிரிலும் கேம் ஏன் திணறுகிறது?

கோடையில் சேலம் 40 டிகிரியைத் தொடும்போது, லேப்டாப்பும் கையுமாக 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏற்காடு வருபவர்களுக்கு ஒரு நம்பிக்கை: இங்கே கேம் திணறாது. நியாயமான நம்பிக்கைதான். சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் காற்று கொஞ்சம் மெலிந்திருந்தாலும், அந்தக் குளிர்ச்சி கணினிக்கு நல்லதே. ஆனாலும் 60 ஃப்ரேமில் ஓடிய ஆட்டம் திடீரென 25-க்கு விழுகிறது.

முதல் வேலை, இது ஃப்ரேம் கோளாறா, நெட் கோளாறா என்று பிரிப்பது. ஸ்டீம் செட்டிங்ஸில் எஃப்.பி.எஸ். எண்ணைத் திரையில் காட்டச் சொல்லலாம். ஃப்ரேம் 60-லேயே நிற்க, பிங் மட்டும் 40-லிருந்து 300-க்குத் தாவினால் கிராபிக்ஸைக் குறைத்துப் பயனில்லை. பார்க்க வேண்டியது இணைப்பை. ஃப்ரேமே விழுந்தால் கோளாறு கணினிக்குள் இருக்கிறது.

அடுத்து, எப்போது விழுந்தது? பாதிப் பதில் இதில் கிடைத்துவிடும்.

ஒரே நொடியில் விழுந்தால் சார்ஜர் விளக்கைப் பார்க்க வேண்டும். மழையிலும் காற்றிலும் கிளை முறிந்து கம்பியில் விழுந்தால் கரண்ட் போகும். இன்வெர்ட்டர் லைட்டையும் வைஃபையையும் தாங்கிக்கொள்ளும். லேப்டாப் செருகிய பிளக் பாயிண்ட் அந்த லைனில் இல்லாமல் இருக்கலாம். திரை அணையாததால் ஆடுபவருக்கு எதுவும் தெரியாது. பேட்டரிக்கு மாறியதுமே கிராபிக்ஸ் சிப்புக்குக் கிடைக்கும் மின்சாரம் வெகுவாகக் குறையும். என்விடியா லேப்டாப்பில் ஃப்ரேம் சரியாக 30-ல் நின்றால் 'பேட்டரி பூஸ்ட்' வசதியின் வேலையாக இருக்கலாம். இன்வெர்ட்டர் லைனில் உள்ள பாயிண்டுக்கு மாற்றினால் போதும். இன்வெர்ட்டர் அந்த லோடைத் தாங்குமா என்பதை மட்டும் முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும். 180 வாட் கேட்கும் லேப்டாப்பை 65 வாட் டைப்-சி சார்ஜரில் ஓட்டினாலும் இதே கதைதான்.

பத்து, இருபது நிமிடம் ஆடிய பிறகு மெல்ல இறங்கினால் சூடுதான் காரணம். அறை 18 டிகிரியில் இருக்க, சிப் 95-ஐத் தாண்டுவது நடக்கக்கூடியதே. குளிருக்குப் போர்த்திய கம்பளியின் மேலேயே லேப்டாப்பை வைத்து ஆடினால் அடியிலுள்ள காற்றுத் துளைகள் அடைபட்டுவிடும். எச்.டபிள்யு. இன்ஃபோ மென்பொருளில் வெப்பநிலையைப் பார்த்துவிட்டு, மேசையில் பின்பக்கம் சற்று உயர்த்தி வைக்க வேண்டும். அப்படியும் சூடு குறையாவிட்டால் தூசியை ஊதி எடுக்கலாம்; ஊதும்போது ஃபேன் இறக்கையை ஒரு குச்சியால் பிடித்துக்கொள்வது அவசியம். காற்றின் வேகத்தில் தாறுமாறாகச் சுழன்றால் பேரிங் கெடலாம்.

விட்டு விட்டுத் திணறினால் கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறக்கலாம். விண்டோஸ் அப்டேட்டோ வைரஸ் ஸ்கேனோ டிஸ்க்கை விழுங்கிக்கொண்டிருக்கும். கேம் அப்டேட் ஆன கையோடு வரும் திணறல் பெரும்பாலும் ஷேடர் கோப்புகள் புதிதாக உருவாவதால் வருவது. சில ஆட்டங்களில் தானே அடங்கும். டிரைவர் மாற்றிய நாளிலிருந்து தொல்லை என்றால் டிவைஸ் மேனேஜரில் 'ரோல் பேக்' உண்டு. 4 ஜி.பி. கிராபிக்ஸ் கார்டு உள்ளவர்கள் டெக்ஸ்சரை ஒரு படி குறைக்கலாம்.

எதை மாற்றினாலும் ஒவ்வொன்றாக மாற்றி, அதே மேப்பில், அதே இடத்தில் ஆடிப் பார்க்க வேண்டும். அதற்குப் பிறகும் தீராவிட்டால் ராமைப் பார்க்கலாம்: ஒரே 8 ஜி.பி. ஸ்டிக்கில் ஓடும் லேப்டாப்பில் இரண்டாவது ஸ்லாட் காலியாக இருந்தால், அதே அளவில் இன்னொன்றைச் சேர்ப்பது புது லேப்டாப் வாங்குவதைவிட மலிவு.