சுரங்கப்பாதையும் நம் சாலைப் பழக்கங்களும்

கோல சிலாங்கூர், ஈஜோக், பெஸ்தாரி ஜெயா வட்டாரங்களில் சுரங்கப்பாதை கிடையாது. என்னைப் போன்ற தோட்டத்துப் பிள்ளைகள் பலர் செம்பனைகளுக்கு நடுவே ஓடும் சாலைகளில்தான் மோட்டார் சைக்கிள் ஓட்டப் பழகினோம். மழை வந்தால் கூரை கண்ட இடத்தில் ஒதுங்குவோம். விபத்து என்றால் வண்டியை நிறுத்திவிட்டு ஓடுவோம். தோட்டத்தில் இவை நல்ல பழக்கங்களே.

ஆனால், படிப்புக்கும் வேலைக்கும் வெளியூர் செல்கையில் நிலைமை மாறுகிறது. குவாந்தான் செல்லும் வழியில், 1979-இல் திறக்கப்பட்ட கெந்திங் செம்பா சுரங்கப்பாதை இருக்கிறது. ஈப்போவைத் தாண்டி வடக்கே சென்றால் மெனோரா சுரங்கப்பாதை வருகிறது. அங்கு அதே பழக்கங்கள் உயிருக்கே உலை வைத்துவிடும்.

முதலில், மழைக்கு ஒதுங்குவதைப் பார்ப்போம். வெயிலிலிருந்து சுரங்கத்தினுள் நுழைபவரின் கண்கள் மங்கலான ஒளிக்குப் பழகச் சற்று நேரமாகும். மழை நாளிலோ நனைந்த கண்ணாடி பார்வையை மறைக்கும். ஈரச் சக்கரங்கள் எளிதில் நிற்கா. மழைக்கு ஒதுங்குவோர் பெரும்பாலும் நிற்பதோ நுழைவாயிலை ஒட்டித்தான்! பின்னால் வரும் லாரி விலகிச் செல்லவும் அங்கு இடமிருக்காது. நம் நாட்டில் சாலை விபத்துகளில் உயிரிழப்போரில் பாதிக்கும் மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் செல்பவர்களே என்பதை நாம் மறந்துவிடலாகாது.

அடுத்தது, வேடிக்கை பார்ப்பது. விபத்தைப் பார்க்க வேகத்தைக் குறைத்தாலோ கைப்பேசியில் படம் பிடித்தாலோ, பின்னால் இன்னொரு மோதல் நிகழலாம்.

மூன்றாவது, தீ. 1999 மார்ச் 24-ஆம் நாள் பிரான்சையும் இத்தாலியையும் இணைக்கும் மோன் பிளாங் சுரங்கப்பாதையில் ஒரு லாரி தீப்பற்றியது. 39 பேர் மாண்டனர். அவர்களுள் பெரும்பாலோர் தங்கள் வாகனங்களுக்குள்ளேயே உயிரிழந்தனர். வெட்டவெளியில் புகை மேலே போய்விடும்; சுரங்கத்தில் அது கூரையில் முட்டி நம்மை நோக்கிப் பரவும். காருக்குள் அமர்ந்திருப்பது பாதுகாப்பு என்ற எண்ணமே அங்கு ஆபத்தாகிறது.

அப்படியானால் என்ன செய்ய வேண்டும்?

மழையங்கியைச் சுரங்கத்திற்கு முன்பே, பாதுகாப்பான நிறுத்துமிடத்தில் அணிந்துகொள்ளுங்கள். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி, விளக்கைப் போட்டு, வேகத்தைக் குறைத்து நுழையுங்கள். உள்ளே முந்தாதீர்கள், இடைவெளி விடுங்கள். வண்டி பழுதானால் அபாய விளக்கைப் போட்டு, அவசரத் தொலைபேசியில் உதவி கேளுங்கள். தீ என்றால் இயந்திரத்தை நிறுத்தி, சாவியை வண்டியிலேயே விட்டுவிட்டு, புகைக்கு எதிர்த்திசையில் வெளியேறுங்கள். பைக்காகத் திரும்பிப் போகாதீர்கள்.

வாகனமோட்டும் உரிமத்திற்கான தேர்வைச் சுரங்கப்பாதையில் யாரும் நடத்துவதில்லை. ஆகவே, அடுத்த விடுமுறையில் ஊருக்குச் செல்லும்போது, புதிதாக உரிமம் எடுத்த தம்பி தங்கைகளுக்கு இவற்றை எடுத்துச் சொல்லுங்கள். அவர்களும் நாளை இவ்வழியே வரக்கூடியவர்கள்தாம்.