மீன்தொட்டிக்கு வீட்டு விளக்கு

கூடலூரை அடுத்த லோயர் கேம்பில், பெரியாற்று நீர் மலையினின்று பெருங்குழாய்களின் வழியே இறங்கிப் பொறிகளைச் சுழற்ற, 1958-ஆம் ஆண்டு முதல் மின்சாரம் ஆக்கப்பட்டு வருகின்றது. நீரினின்று பெறும் அவ்வொளியை மீண்டும் நீருட் செலுத்தி, மீனும் செடியும் வளர்க்கும் எளிய முறையினை ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

மீன்தொட்டிக்கெனவே செய்யப்பெற்ற விளக்குகள் விலை மிக்கன. அவ்விலை கேட்டுத் தொட்டி வைக்கும் ஆசையையே கைவிடும் மாணவர் பலர். ஆனால் செடி விளக்கின் விலையை அறியாது; ஒளியின் நிறம், அளவு, நேரம் என்னும் மூன்றனையே அறியும். 2015-ஆம் ஆண்டில் இந்திய அரசினர் உஜாலா என்னும் திட்டத்தால் மலிவாக வழங்கத் தொடங்கிய 9 வாட் எல்.இ.டி. விளக்குப் போன்றதொன்றே சிறு தொட்டிக்குப் போதியதாகும்.

முதலாவது, நிறம். வெள்ளை எல்.இ.டி. விளக்கினுள் உண்மையிற் பிறப்பது நீல ஒளியே. அதன்மேற் பூசிய மஞ்சட்பொருள் அந்நீலத்தின் ஒரு பகுதியை ஏற்று மஞ்சளும் சிவப்புமாக மாற்ற, யாவும் கலந்து வெண்மையாய்த் தோன்றுகின்றது. இந்நீல ஒளிக்கருவியைக் கண்ட அகசாகி, அமானோ, நாகமுரா என்னும் மூவர்க்கும் 2014-இல் நோபெல் பரிசு வழங்கப்பெற்றது. இலைப்பச்சையம் நீலத்தையும் சிவப்பையும் மிகுதியும் உண்பது. ஆதலின், பெட்டியின்மேல் 6500 கெல்வின் என்று பொறித்த வெள்ளை விளக்கினைத் தேர்க.

இரண்டாவது, அளவு. 9 வாட் விளக்கு ஏறத்தாழ 900 லூமன் ஒளி தரும். இரண்டடி நீளமும், ஓரடி அகலமும், ஓரடி உயரமும் உள்ள தொட்டி ஏறக்குறைய 54 லிட்டர் நீர் கொள்ளும். விளக்கின்மேல் வெண்மையான குடையொன்று கவிழ்த்து ஒளியைக் கீழ்நோக்கித் திருப்பின், வாலிஸ்னீரியா, ஜாவா பாசி முதலியன அதில் நன்கு வளரும். ஆழ்ந்த தொட்டிக்கும், செவ்விலைச் செடிகட்கும், கடற்பவளங்கட்கும் இது போதாது; அவற்றிற்குத் தனி விளக்கே தக்கது.

மூன்றாவது, நேரம். நாளொன்றுக்கு எட்டு மணி நேரம் சாலும். அதனால் மாதம் ஒன்றுக்கு ஆகும் மின்சாரம் இரண்டு யூனிட்டுக்குச் சிறிது மிகும், அவ்வளவே. அழகு கருதி நள்ளிரவு வரை விளக்கெரிப்பார் உளர். அங்ஙனம் செய்யின் பாசி படர்ந்து கண்ணாடியை மறைக்கும். மீன்களும் ஓய்வின்றி வாடும். பாசி மிகுந்தவிடத்து, நேரத்தை ஆறு மணியாகக் குறைத்து, சன்னல் வெயிலைத் தடுத்து, இரையையும் அளவாக இடுக.

இனி, யாவற்றினும் தலையாயது உயிர்க்காப்பு. வீட்டு விளக்கு நீரிற்கெனச் செய்யப்பட்டதன்று. அது தொட்டியுள் வீழ்ந்தால், கைவிட்டவர் உயிர்க்கே கேடு நேரலாம். ஆகலின் விளக்கினைத் தொட்டியின் விளிம்பில் தொங்கவிடாது, சுவரிலேனும் உறுதியான மரச்சட்டத்திலேனும் பிணைத்தல் வேண்டும். இடையே கண்ணாடி மூடி இருத்தல் இன்றியமையாதது. மின்கம்பி செருகுவாய்க்குக் கீழே தாழ்ந்து வளைந்து பின் மேலேறுக. வழியும் நீர் வளைவிற் சொட்டிவிடும். நீரிற் கையிடுமுன் செருகியைக் கழற்றுக. வீட்டில் 30 மில்லியாம்பியர் கசிவிற்கே மின்சாரத்தைத் துண்டிக்கும் காப்புக் கருவி அமைத்தல் மிக நன்று. காற்றுப் புகாத பெட்டியுள் விளக்கை அடைத்தல் கூடாது. வெப்பத்தால் அதன் உள்ளுறுப்புக்கள் விரைவிற் பழுதாகும்.

மாணவர்க்கு மற்றொரு பயனும் உண்டு. ஹைட்ரில்லாத் துண்டொன்றைக் கண்ணாடிக் குவளை நீரிலிட்டு, விளக்கினை அரையடி, ஓரடி, இரண்டடித் தொலைவுகளில் வைத்து, நிமிடத்திற்கு எத்தனை குமிழிகள் எழுகின்றன என்று எண்ணுக. ஒளி குறையக் குமிழியும் குறைதலைத் தம் கண்ணாலேயே காண்பர். நூலிற் படித்த ஒளிச்சேர்க்கை அப்பொழுது வெறுஞ்சொல்லாய் நில்லாது.

பகலையும் இரவையும் வகுத்தமைத்த இறைவன் செயலை ஒருசிறிது பின்பற்றி, ஒளியையும் இருளையும் அளவறிந்து வழங்குவார் தொட்டியில் மீனும் செடியும் ஒருங்கே செழிக்கும். அதற்கு வேண்டுவது பொருட்செல்வமன்று, கருத்தும் ஒழுங்குமேயாம்.